ஏழும் எட்டும் எத்தனை? இரண்டாம் வகுப்பின் ஒரு நிமிடக் கூட்டல் பயிற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னக் கூட்டல்கள் யோசிக்காமல் நாக்கில் வரவேண்டும் என்று ஒரு வருடம் பாடுபட்ட கதை இது. ஸ்டாப்வாட்ச், ஒர்க்‌ஷீட், ஸ்டிக்கர் என்று எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். முதல் ஆறு வாரம் தப்பாகச் செய்தோம். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினோம். அதே ஸ்டாப்வாட்ச், அதே ஸ்டிக்கர்தான். பலன் மட்டும் நேரெதிராக வந்தது. எங்கே பிசகியது, எதை மாற்றினோம் என்பதை விவரமாக எழுதுகிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை.

தொடங்கிய இடம்

வருடத் தொடக்கத்தில் என் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் 46 + 37 போன்ற கணக்கை எப்படிப் போடவேண்டும் என்று வாயால் அழகாகச் சொல்வார்கள். ஒன்றாம் இடத்தைக் கூட்டு, பத்து தாண்டினால் மேலே ஒன்று வை, பத்தாம் இடத்தைக் கூட்டு. போடச் சொன்னால் மட்டும் நடுவில் நின்றுவிடும். 6 + 7 வந்ததும் பென்சில் கீழே இறங்கும், விரல்கள் மேலே வரும். ஏழு விரல் எண்ணி 13-க்கு வந்து சேர்வதற்குள் அந்த 13 எதற்காகத் தேவைப்பட்டது என்பதே மறந்திருக்கும். மேலே ஒன்று வைக்காமல் 73 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் அதைக் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையால் எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை நோட்டில் எழுதியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அது கவனக்குறைவு இல்லை. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். பெரியவர்களுக்கே அப்படி, ஏழு வயதில் இன்னும் குறைவு. அந்தக் கொஞ்ச இடத்தையும் விரல் எண்ணிக்கை பிடித்துக்கொண்டால், 'மேலே ஒன்று வை' என்பது நிற்க இடமில்லாமல் விழுந்துவிடுகிறது. 6 + 7 தானாக வந்தால்தான் மற்றதற்கு இடம் கிடைக்கும். அடிப்படைக் கூட்டல்களில் சரளம் வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். மற்றபடி வேகமாகக் கூட்டுவதில் தனிப் பெருமை ஒன்றும் கிடையாது.

முதல் ஆறு வாரம்

திட்டம் எளிமையாக இருந்தது. தினமும் முதல் வேலையாக ஒரு தாள். அதில் 40 கூட்டல்கள், 0 + 0 முதல் 9 + 9 வரை கலந்து. நேரம் இரண்டு நிமிடம். முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு ஸ்டிக்கர். சுவரில் எல்லார் பெயரும் எழுதிய ஒரு பெரிய அட்டை. ஸ்டிக்கர் வாங்கினால் அதில் ஒட்டலாம்.

முதல் வாரம் வகுப்பு கலகலப்பாக இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்தது. மூன்றாவது வாரத்தில் அந்த அட்டையை நின்று பார்த்தேன். ஐந்து பெயர்களுக்குப் பின்னால் ஸ்டிக்கர் வரிசையாக நீண்டிருந்தது. மற்ற பெயர்களுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. அந்த ஐந்து பேருக்கும் வருடம் தொடங்கும்போதே கூட்டல் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களுக்குத் தினமும் பரிசு கொடுத்து, தெரியாதவர்களுக்கு அதைத் தினமும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடுவில் இருந்த பிள்ளைகள் கெட்டிக்காரத்தனமாக வேறு வேலை செய்தார்கள். தாள் முழுக்கக் கண்ணை ஓட்டி, +0, +1 இருக்கும் கட்டங்களை மட்டும் பொறுக்கி எழுதினார்கள். இன்னொரு கூத்தும் நடந்தது. நேரமில்லாமல் ஒரே தாளை மறுபடி மறுபடி நகல் எடுத்துக் கொடுத்துவந்தேன். ஒரு நாள் ஒரு பையன் மேல் வரிசை விடைகளைக் கூட்டலைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனான். ஏழு, பதினொன்று, ஒன்பது, பதிமூன்று என்று பாட்டுப் பாடுவதுபோல வாய் அசைந்தது. அவன் மனப்பாடம் செய்திருந்தது தாளை. கூட்டலை இல்லை. மறுநாள் வரிசையை மாற்றிக் கொடுத்தேன், பாதிக்கு இறங்கிவிட்டான். நல்லவேளை, சிரித்துக்கொண்டே இறங்கினான்.

எல்லாரும் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

ஒருத்தி முதல் பெஞ்சில் உட்காருபவள். ஸ்டிக்கர் வாங்கும் ஐந்து பேரில் ஒருத்தி. இரண்டு நிமிடத்தில் 31 சரியாகப் போடுவாள். நான்கு வாரமாகப் பார்க்கிறேன், 31, 32, மறுபடி 31. நகரவே இல்லை. ஒரு நாள் பக்கத்தில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, நாக்கால் பல்லைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். விரல் விட்டு எண்ணுவதை நான் பார்த்துவிடுவேன் என்று எண்ணிக்கையை வாய்க்குள் கொண்டுபோயிருக்கிறாள். 8 + 2 பட்டென்று வரும். 8 + 7-க்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

க்ரோன், பார்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1972-லேயே காட்டியிருக்கிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்ல எடுக்கும் நேரம் இரண்டு எண்களில் சின்ன எண்ணைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகிறது. அதாவது பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சின்ன எண் அளவுக்கு எண்ணுகிறார்கள் என்று பொருள். 4 + 4, 6 + 6 போன்ற இரட்டைகள் மட்டும் இதற்கு விலக்கு, அவை எந்த அளவாக இருந்தாலும் சீக்கிரம் வந்துவிடும். என் முதல் பெஞ்சுக்காரி இந்த விவரிப்பில் அப்படியே பொருந்தினாள். நான் வைத்த கடிகாரம் அவளை எண்ணுவதில் கெட்டிக்காரியாக்கியது. எண்ணாமல் இருப்பதற்கு அவளுக்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை. எண்ணினால்தானே ஸ்டிக்கர் வருகிறது?

இன்னொருவன் ஜன்னலோரம் உட்காருபவன். அவனுக்கு நேர்மாறு. வாயால் கேட்டால் சொல்லிவிடுவான். தாளைக் கவிழ்த்து வைத்து, 'தொடங்குங்கள்' என்றதும் பென்சில் நின்றுவிடும். சரியாக எழுதிய விடையை அழித்து மறுபடி எழுதுவான். ஐந்தாவது வாரம் காலையில் வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தான். அவன் அம்மா வந்து, "வீட்ல கேட்டா எல்லாம் சொல்றான் டீச்சர், ஸ்கூலுக்குக் கிளம்பும்போதுதான் அழறான்" என்றார். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியும் டீச்சர். வாட்ச் ஓடும்போது மறந்துடுது" என்றான்.

ஆறாவது வாரக் கடைசியில் சுவர் அட்டையைக் கழற்றினேன்.

கடிகாரத்தைப் பற்றி இரண்டு கட்சி

அந்த வாரம் படித்தவற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அடுத்து செய்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். நேரம் வைத்துச் சோதிப்பதால்தான் கணக்கு என்றாலே பயம் வருகிறது என்று ஜோ போலர் போன்ற கணிதக் கல்வியாளர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். பயம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. அஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் மனதின் அந்தச் சின்ன இடத்தையே பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். ஜன்னலோரப் பையன் சொன்ன 'மறந்துடுது' அதுதான்.

மறுபக்கம், அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வுப் பிரிவு 2021-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் கணக்கில் தடுமாறுபவர்களுக்கு எப்படி உதவுவது என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதிலுள்ள ஆறு பரிந்துரைகளில் ஒன்று, நேரம் வைத்த பயிற்சிகளைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது. 1976-லேயே வான் ஹவுட்டன், தாம்சன் இருவரும் வகுப்பில் ஒரு நிமிடத் துண்டுகளாக நேரம் குறித்தபோது, பிள்ளைகள் துல்லியம் குறையாமல் அதிகக் கணக்குகள் போட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டு கட்சியும் சண்டை போடுவதுபோலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹேரிங், ஈட்டன் இருவரும் 1978-ல் சொன்ன படிநிலையை நடுவில் வைத்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. எந்தத் திறமையும் முதலில் சரியாகச் செய்யும் கட்டத்தில் இருக்கும், பிறகு சரளமாகும், பிறகு வேறு இடங்களில் பயன்படும், கடைசியில் புதுச் சூழலுக்கு ஏற்ப மாறும். கடிகாரத்துக்கு இரண்டாவது கட்டத்தில்தான் வேலை. முதல் கட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு முன்னால் ஸ்டாப்வாட்ச் வைத்தால், எதைத் தெரியவில்லையோ அதை வேகமாகத் தெரியாமல் இருக்கச் சொல்வதாகத்தான் ஆகும். என் தாளில் ஒரே பிள்ளைக்கு முதல் கட்டக் கூட்டல்களும் இரண்டாம் கட்டக் கூட்டல்களும் கலந்து கிடந்தன. யாருக்கு எது எந்தக் கட்டம் என்று எனக்கே தெரியாது.

ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டது

அதனால் கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு அட்டைகளைக் காட்டிக் கேட்டேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்வேன். அதற்குள் விடை வந்தால் ஒரு டிக். ஒரு வழி யோசித்துச் சொன்னால் ஒரு வட்டம். எண்ணினால் ஒரு புள்ளி. நடுநடுவே "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்பேன். வகுப்பு முழுக்க முடிக்க ஒன்றரை வாரம் ஆனது. மற்றவர்களுக்குப் படம் வரையும் வேலை கொடுத்து, இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு செய்தேன். வருடம் முழுக்கச் செய்ததில் மிக உபயோகமான வேலை இதுதான் என்பேன்.

தெரியாதவை என்று நான் நினைத்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தன. இதைக் கணக்காகவே பார்க்கலாம். 0 முதல் 9 வரை ஒற்றை இலக்கக் கூட்டல்கள் மொத்தம் 100. 3 + 8-ம் 8 + 3-ம் ஒன்றே என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் 55. பூஜ்யத்தைக் கூட்டுபவை 10, ஒன்றைக் கூட்டுபவை 9. இவற்றுக்குப் பயிற்சியே தேவையில்லை, விளக்கம் போதும். மீதி 36. 2 + 2 முதல் 9 + 9 வரை இரட்டைகள் 8. பிள்ளைகளுக்கு இவை எப்படியோ சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. மீதி 28. இரண்டைக் கூட்டுபவை 7. மீதி 21.

இந்த 21-தான் உண்மையான போர்க்களம். இதிலும் 3 + 7, 4 + 6 இரண்டும் பத்தாகிவிடும். 3 + 4, 4 + 5, 5 + 6, 6 + 7, 7 + 8, 8 + 9 ஆறும் இரட்டைகளுக்கு அண்டை வீடு. 6 + 6 தெரிந்தவளுக்கு 6 + 7 ஒரு அடித் தூரம். ஒன்பதோடு கூட்டுபவை இன்னும் ஐந்து, எட்டோடு கூட்டுபவை இன்னும் நான்கு. இவற்றைப் பத்தாக்கிச் செய்யலாம். எல்லாம் கழித்த பிறகு கையில் நிற்பவை நான்கே நான்கு: 3 + 5, 3 + 6, 4 + 7, 5 + 7. எந்த வழியும் சொந்தம் கொண்டாடாத அனாதைகள். 40 கூட்டல் தாளைத் தினமும் கொடுத்ததற்குப் பதில் இந்தக் கணக்கை முதலில் போட்டிருக்கலாம்.

100 என்பது 55 ஆவது தானாக நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். 9 + 2 கேட்டதும் 11 என்று சொன்ன பையன், 2 + 9 அட்டைக்கு இரண்டில் தொடங்கி ஒன்பது விரல் எண்ணினான். அட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டியதும், "அய்யோ, இதுவா!" என்றான். அந்த ஒரு திருப்பலில் அவன் சுமை ஏறக்குறைய பாதி இறங்கியது.

பத்தாக்கும் வழி

ஒரு மாதம் கடிகாரமே இல்லாமல் வழிகளைச் சொல்லிக்கொடுத்தோம். பத்துக் கட்டங்கள் கொண்ட சட்டம் ஒன்று, மேலே ஐந்து கீழே ஐந்து. 8 + 5 என்றால் எட்டுக் கட்டத்தில் சிவப்பு வில்லைகள். கையில் ஐந்து நீல வில்லைகள். காலியாக இருக்கும் இரண்டு கட்டத்தை நீலத்தால் நிரப்பு. கையில் மூன்று மிச்சம். பத்தும் மூன்றும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய கை கொடுக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. பதிமூன்று என்ற சொல்லைப் பிரித்தால் பத்தும் மூன்றும்தான். பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு எல்லாம் அப்படியே. பன்னிரண்டு மட்டும் கொஞ்சம் உருமாறி நிற்கிறது, அதையும் பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள். விடையின் பெயரிலேயே வழி ஒளிந்திருக்கிறது. சட்டத்தை நிரப்பி முடித்து, 'பத்து... மூன்று... பதிமூன்று' என்று சொல்லிப் பார்த்த அன்று முதல் பெஞ்சுக்காரி நாக்கைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வழி தெரிந்ததும் வேகம் முதலில் குறையும். பத்தாக்கும் வழிக்கு மாறியபோது அவள் ஒரு நிமிடத்தில் 11-தான் போட்டாள். எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் 15 அல்லது 16 வரும். பழைய தாளும் பழைய ஸ்டிக்கரும் இருந்திருந்தால் அந்த வாரமே எண்ணிக்கைக்குத் திரும்பியிருப்பாள். இந்த இறக்கத்தைத் தாங்க ஆசிரியருக்கும் பொறுமை வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். இரண்டு பெற்றோர் வந்து, முன்னால் நன்றாகப் போட்டாளே, இப்போது ஏன் மெதுவாகிவிட்டாள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மறுபடி கடிகாரம்

பதினோராவது வாரம் ஸ்டாப்வாட்ச் திரும்பி வந்தது, வேறு வேலைக்கு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து அட்டை கொண்ட ஒரு கட்டு. அதில் எட்டு அவனுக்குத் தெரிந்தவை, இரண்டுதான் புதிது. இருவர் இருவராக உட்கார்ந்து மாறி மாறிக் கேட்டுக்கொள்வார்கள், நான்கு நிமிடம். தெரியாத இரண்டும் தெரிந்தவற்றுக்கு நடுவில் அடிக்கடி தலை காட்டும். தவறினால் கேட்பவன் உடனே விடையைச் சொல்வான், சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும். 'யோசி, யோசி' என்று காக்கவைப்பது கிடையாது. காக்கவைத்தால் விரல் வரும். எட்டுக்கு இரண்டு என்ற விகிதம் சோம்பேறித்தனம்போலத் தெரியலாம். ஐந்துக்கு ஐந்து வைத்தும் பார்த்தோம், மூன்றே நாளில் கட்டைத் தொடவே பிடிக்காமல் போனது.

அதன் பிறகுதான் ஒரு நிமிடத் தாள். அவரவர் கட்டிலிருந்து, அவரவர்க்குத் தெரிந்த கூட்டல்களிலிருந்து மட்டும். ஒரு கணினிக்காரத் தோழி வரிசையைக் கலைத்துப் போடும் சின்ன நிரல் எழுதிக் கொடுத்தாள், அதனால் பாட்டுப் பாடும் வேலை நின்றது. நிமிடம் முடிந்ததும் எழுதிய இடத்தில் ஒரு கோடு போடவேண்டும், அப்புறம் மீதியை நிதானமாக முடிக்கலாம். இந்தக் கோடு சின்ன விஷயம்தான், ஆனால் பாதித் தாளோடு பிடுங்கப்படும் அவமானம் யாருக்கும் இல்லாமல் போனது. கோட்டுக்கு மேலே எத்தனை சரி என்று எண்ணித் தன் கட்டத் தாளில் ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தத் தாள் அவரவர் நோட்டுக்குள் இருக்கும். சுவரில் இல்லை.

ஜன்னலோரப் பையனுக்கு இதுவும் ஆகவில்லை. அவனுக்கு மூன்று வாரம் தாளே கொடுக்கவில்லை. ஸ்டாப்வாட்சை அவன் கையிலேயே கொடுத்து, 'பத்து அட்டை சொல்ல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நீயே பாரு' என்றேன். அவனே அழுத்துவான், சொல்லிமுடித்து அவனே நிறுத்துவான். மணி அடிக்காது, யாரும் 'நிறுத்து' என்று சொல்லமாட்டார்கள். முதல் நாள் 48 விநாடி. மூன்றாவது வாரம் 21. தாளுக்குப் போகலாமா என்று அவன்தான் கேட்டான். கடிகாரத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரியாது.

இன்னொருவன் அட்டையில் சரளமாகச் சொல்வான், தாளில் 12-க்கு மேல் போகவே மாட்டான். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். கடைசியில் வேறொரு ஆசிரியர், "எண்ணை மட்டும் எழுதச் சொல்லிப் பாருங்க" என்றார். ஒன்று முதல் ஒன்பது வரை திரும்பத் திரும்ப ஒரு நிமிடம் எழுதவைத்தேன். அவன் கை அவ்வளவுதான் ஓடியது. எட்டை இரண்டு தனி வட்டமாகப் போட்டு ஒட்டவைத்துக்கொண்டிருந்தான். அவன் பிரச்சினை கூட்டலில் இல்லவே இல்லை. எழுத்து வேகத்தை முதலில் அளந்துவிட்டால் இந்த அநியாயம் நடக்காது.

பரிசு விவகாரம்

பரிசு கொடுப்பதா வேண்டாமா என்பதில் ஆசிரியர் அறையில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த சோதனை பிரபலமானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. பிறகு விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. 1999-ல் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், எதிர்பார்த்துக் கிடைக்கும் பொருள் பரிசு சொந்த ஆர்வத்தைக் குறைக்கிறது, வாய்ச்சொல்லால் தரும் நல்ல கருத்து அப்படிக் குறைப்பதில்லை என்று கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பரிசை ஒரேயடியாக நிறுத்தியவர்களும் உண்டு. நான் நிறுத்தவில்லை. படம் வரைவது பிள்ளைக்குப் பிடித்த காரியம். 5 + 7 அட்டையை இருபதாவது தடவை பார்ப்பது யாருக்கும் பிடித்த காரியமில்லை. இல்லாத ஆசையை எப்படிக் குறைப்பது? ஆனால் எதற்குப் பரிசு என்பதை மாற்றினேன். முதல் மூன்று இடம் என்பது போயிற்று. வகுப்புக்குப் பொதுவாக ஒரு கண்ணாடி ஜாடி. யாருடைய கட்டிலிருந்தாவது ஒரு புது அட்டை 'தெரிந்தது' பெட்டிக்குப் போனால், ஜாடியில் ஒரு பாசிமணி விழும். ஜாடி நிறைந்தால் ஒரு பீரியட் விளையாட்டு. எந்த விளையாட்டு என்று அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். பின்தங்கிய பிள்ளையிடம்தான் போடுவதற்கு நிறைய மணி மிச்சம் இருந்தது. அதனால் அவனோடு உட்காரப் போட்டி வந்தது. இதை நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது.

கூடவே ஊழலும் வந்தது. இரண்டாவது வாரத்தில் மணிகள் மளமளவென்று விழுந்தன. பார்த்தால், ஜோடிகள் ஒருவருக்கொருவர் தாராளமாகத் 'தெரிந்தது' போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜோடி காலையிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தது. கோபப்படவில்லை, விதியை மாற்றினேன்: ஒரு அட்டை மூன்று வெவ்வேறு நாளில் மூன்று விநாடிக்குள் வரவேண்டும், மூன்றாவது தடவை என்னிடம் சொல்லவேண்டும். ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் கொண்டுவந்தேன். ஆனால் நாள் இடைவெளி விட்டுக் கேட்டதால் விஷயம் மனதில் தங்கியது. அதற்காகவே அந்த விதியை முதலிலிருந்து வைத்திருக்கவேண்டும்.

ஸ்டிக்கர் முழுக்கப் போகவில்லை. எப்போதாவது, சொல்லாமல், ஒருவர் நோட்டில் ஒட்டுவேன். பக்கத்தில் எதற்காக என்று ஒரு வரி எழுதுவேன். '8 + 6-ஐப் பத்தாக்கிப் போட்டாய்' என்பதுபோல. மூன்றாவது ஜாடிக்குப் பிறகு ஜாடியைப் பெரிதாக்கினேன், நான்காவதை நிரப்ப வெகு நாள் ஆனது. ஐந்தாவதை வைக்கவே இல்லை. யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். இரண்டு பேர் கேட்டார்கள், ஒரு வாரம் கழித்து.

வருடக் கடைசியில்

முதல் பெஞ்சுக்காரி ஒரு நிமிடத்தில் 24 போடுகிறாள், நாக்குத் தட்டாமல். இரட்டை இலக்கக் கூட்டலில் மேலே ஒன்று வைக்க மறப்பது வகுப்பில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்காகத் தனியாக ஒரு பாடமும் நான் நடத்தவில்லை. 13 − 7 போன்ற கழித்தலும் இலேசானது. ஏழோடு எதைச் சேர்த்தால் பதிமூன்று என்று தெரிந்த பிள்ளைக்கு அது பழைய கூட்டலின் முதுகுப்பக்கம்தானே.

விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி உட்காரவைத்துக் கேட்டேன். பத்தாக்கியவையும் இரட்டைகளும் அப்படியே இருந்தன. வெறும் அட்டையால் மட்டும் பழகியவை, முக்கியமாக அந்த நான்கு அனாதைகள், பலரிடம் காணாமல் போயிருந்தன. வழி தெரிந்த கூட்டல் மறந்தாலும் வழியைப் பிடித்துத் திரும்பி வந்துவிடுகிறது, வழியில்லாதது வருவதில்லை. இவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கவேண்டும் என்பது என் பாக்கி வேலை. ஒரே வகுப்பில், ஒப்பிட வேறு வகுப்பு இல்லாமல் நடந்தது இது. அட்டை எவ்வளவு, ஜாடி எவ்வளவு, வயது ஏறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்று பிள்ளைகள் இன்னும் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு 7 என்றால் எத்தனை என்பதே இன்னும் உறுதியாகவில்லை என்று நினைக்கிறேன், அவர்களோடு சட்டத்துக்கே திரும்பப் போயிருக்கிறோம், கடிகாரம் பக்கத்தில்கூட இல்லை.

ஜன்னலோரப் பையனின் கட்டில் 5 + 7 மட்டும் நகராமல் கிடந்தது. போன வாரம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏழுகிட்டேர்ந்து ஒண்ணை எடுத்து அஞ்சுக்குக் குடுத்துட்டேன் டீச்சர், ஆறும் ஆறும் பன்னிரண்டு" என்றான். நான் சொல்லிக்கொடுத்த வழி இல்லை அது. நான்கு விநாடி ஆனது. அட்டையை நகர்த்தவில்லை, நாளைக்கு மறுபடி கேட்கவேண்டும்.